மிட்ஃபீல்டராகத் தொழில்முறைக் கால்பந்துக்குள் நுழைவது எப்படி?

ஸ்ட்ரைக்கருக்குக் கண்ணெதிரே கோல் இருக்கிறது. விங்கருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு காவல். மிட்ஃபீல்டருக்கு, அதாவது நடுக்களத்தில் ஆடுபவருக்கு, இரண்டும் இல்லை. எந்தத் திசையிலிருந்தும் ஆள் வரலாம். அந்த நெருக்கடியில் சரியாக முடிவெடுப்பதைப் பயிற்சித் திடலில் ஓரளவுதான் கற்க முடியும். மீதியைப் புள்ளிகளுக்காக மோதும் பெரியவர்களின் ஆட்டத்தில்தான் கற்றாக வேண்டும். ஆகவே 16 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையே எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் முன்னால் ஒரே கேள்வியை வையுங்கள்: இதனால் ஆடும் நிமிடங்கள் கூடுமா, குறையுமா? சம்பளம், கிளப்பின் பெயர், ஜெர்சி எண் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

1. எந்த இடத்துக்கு உரியவர் என்று தெளிவாகுங்கள்

பயிற்சியாளர்கள் நடுக்களத்தைப் பற்றி எண்களால் பேசுவார்கள். ‘ஆறு’ என்றால் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிற்பவர். பின்னாலிருந்து பந்தை வாங்கி முன்னே திருப்புவதும், பந்தைப் பறித்ததும் எதிரணி பாயும் கவுன்டர் அட்டாக்கைத் தொடக்கத்திலேயே மறிப்பதும் அவர் வேலை. ‘எட்டு’ இரண்டு பெனால்டி பாக்ஸுகளுக்கும் நடுவே ஓயாமல் ஓடுபவர். ‘பத்து’ எதிரணியின் நடுக்களத்துக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பந்து வாங்குபவர்.

அகாடமிகளில் கொஞ்சம் கைவரிசை காட்டும் பிள்ளைகளை எல்லாம் பத்தாம் இடத்தில் நிறுத்திவிடுவது வழக்கம். அந்தப் பிள்ளை 18 வயதில் மேலே வரும்போது முதல் அணி 4-3-3 (தடுப்பில் நால்வர், நடுக்களத்தில் மூவர், முன்னால் மூவர்) ஆடிக்கொண்டிருந்தால், அந்த அமைப்பில் பத்து என்ற இடமே இருக்காது. எனவே 17 வயதுக்குள் இரண்டாவது இடம் ஒன்றைக் கற்றுவிடுங்கள். பயிற்சியில் அல்ல, போட்டியில் ஆடிக் கற்க வேண்டும். இளைஞர் அணிப் பயிற்சியாளரிடம் போய், “மாதத்துக்கு ஒரு மேட்ச் என்னை ஆறில் ஆட விடுங்கள்” என்று கேட்பதில் தப்பில்லை. பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள்.

ஆந்த்ரேயா பிர்லோ பத்தாம் இடத்து ஆட்டக்காரராகத்தான் வளர்ந்தார். 2001இல் பிரெஷியாவுக்கு லோனில் (ஒப்பந்தம் தாய் கிளப்பில் இருக்க, வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆடுவது) போனபோது அங்கே அந்த இடத்தில் ரொபெர்ட்டோ பாஜ்ஜோ இருந்தார். பயிற்சியாளர் கார்லோ மஸ்ஸோனே பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் இறக்கினார். பிற்காலத்தில் உலகம் அவரை அறிந்துகொண்டது அந்த இடத்தில்தான்.

2. பந்து வருவதற்கு முன் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். கால் வேகத்தைவிட, கழுத்து திரும்பும் பழக்கம்தான் நல்ல மிட்ஃபீல்டரைப் பிரித்துக் காட்டுகிறது. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 118 ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார். பந்து காலுக்கு வருவதற்கு முந்தைய நொடிகளில் ஃபிராங்க் லம்பார்ட் நொடிக்கு 0.62 முறை தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்ததாக அதில் பதிவானது. ஏறத்தாழ ஒன்றரை நொடிக்கு ஒரு பார்வை.

எத்தனை முறை பார்க்கிறோம் என்பதைவிட எப்போது பார்க்கிறோம் என்பது முக்கியம். பந்து உருண்டுகொண்டிருக்கும்போது அதன் திசையை யாராலும் மாற்ற முடியாது. பந்தைவிட்டுக் கண்ணை எடுக்க அதுதான் பாதுகாப்பான நேரம். பந்து உங்கள் சக ஆட்டக்காரரை நோக்கிப் போகும்போது தோளுக்குப் பின்னால் பாருங்கள். அவர் காலில் பந்து படும் கணத்தில் கண் மீண்டும் பந்துக்கு வந்துவிட வேண்டும். அவர் உங்களுக்குத் தட்டியபின், பந்து பாதி வழியில் வரும்போது இன்னொரு சிறு பார்வை. இந்தக் கடைசிப் பார்வையைத்தான் பலரும் விடுகிறார்கள். பாஸ் கிளம்பியதும் பந்திலேயே கண் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒரு நொடியில் எதிராளி நான்கைந்து மீட்டர் நெருங்கிவிடுகிறார்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் ஆறு. தடுப்பு வரிசையின் நடுவில் ஆடும் சென்டர் பேக்கிடம் பந்து. நீங்கள் அவருக்கு 15 மீட்டர் முன்னால். அவரை நேருக்கு நேர் பார்த்தபடி நின்றால் பின்னால் உள்ள பாதி மைதானம் உங்களுக்கு இருட்டு. பக்கவாட்டில் திரும்பி, ஒரு தோள் நம் கோலையும் மறு தோள் எதிர் கோலையும் நோக்கும்படி நில்லுங்கள். இனி உங்களைக் குறிவைத்திருப்பவர் எவ்வளவு தூரத்தில் என்று பாருங்கள். மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால் பந்தைத் தூரத்துக் காலில் வாங்கி, அதே தொடுதலில் முன்னே திரும்பலாம். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தால் திரும்பும் ஆசையை விட்டுவிட்டு, ஒரே தொடுதலில் பந்தைத் தந்தவருக்கோ பக்கத்திலிருப்பவருக்கோ கொடுங்கள். மூன்றாவது நிலை சுவையானது: அவர் முழு வேகத்தில் பாய்ந்து வருகிறார். அப்போது பந்தைத் தொடாமலேயே உடம்பைக் குறுக்கே விட்டு உருளவிட்டால், அவர் வேகமே அவரைத் தாண்டிக் கொண்டுபோய்விடும்.

இதில் வரும் பிழைகள் சில. தலை ஆடும், கண் எதையும் பதியாது; பயிற்சியாளர் சொன்னாரே என்பதற்காகத் திரும்புவது இது. அடுத்தது, பந்து வேண்டும் என்ற அவசரத்தில் சென்டர் பேக்கின் காலடிக்கே ஓடுவது. அப்படிப் போகும்போது உங்கள் காவலரையும் கூடவே இழுத்துப் போய், அவர் பாஸ் கொடுக்கும் வழியையும் அடைக்கிறீர்கள். சில நேரம் நான்கு அடி தள்ளி நிற்பதே உதவி.

பயிற்சிக்கு மூன்று பேர் போதும். ஒருவர் பாஸ் கொடுக்க, நீங்கள் வாங்க, மூன்றாமவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுகிறார். பந்து காலில் படுவதற்குள் எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு நேரத்துக்கு 8 முதல் 10 நிமிடம் செய்யுங்கள்; அதற்குமேல் போனால் கவனம் சிதறி, வெறும் தலையாட்டலாகிவிடும். இதில் தேறியபின் 4-க்கு 4, நடுவே பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு ஆடும் பொது ஆட்டக்காரர் மூவர் என்று சிறு கட்டத்தில் ஆடுங்கள். அங்கே பார்வையின் அருமை தானாகவே தெரியும்.

மேட்ச் முடிந்ததும் வீடியோவில் உங்கள் கோலையும் அசிஸ்டையும் தேடாதீர்கள். பந்து வாங்கிய முதல் 20 தருணங்களை மட்டும் எடுத்து, நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பார்த்தேனா, உடம்பு எந்தப் பக்கம், எந்தக் கால், அடுத்து பந்து முன்னே போனதா பின்னே போனதா. பத்து மேட்சுக்கு இப்படி எழுதினால் எந்த இடத்தில் கோளாறு என்று கண்ணில் பட்டுவிடும். இடது தோளுக்குப் பின்னால் பார்க்கவே பார்க்காதவர்கள் ஏராளம். நோட்டு எழுதும்வரை அவர்களுக்கே அது தெரியாது.

3. உடம்பு

மைதானம் வழக்கமாக 105-க்கு 68 மீட்டர். முழு ஆட்டம் ஆடும் மிட்ஃபீல்டர் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். இதைக் கேட்டதும் தினமும் நெடுந்தூரம் ஓடக் கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தூரத்தில் பெரும்பகுதி நடையும் மெதுவோட்டமும்தான். ஆளைக் களைக்க வைப்பவை குறுகிய வேகப் பாய்ச்சல்கள், சடாரென்று நிற்பது, திரும்பி மறுபடி பாய்வது ஆகியவை. பயிற்சியும் அதே வடிவத்தில் இருக்க வேண்டும்.

காயத் தடுப்புக்கு ஃபிஃபா 11+ வார்ம்-அப் திட்டத்தை மனப்பாடமாக வைத்திருங்கள். மொத்தம் 20 நிமிடம், 15 பயிற்சிகள், மூன்று பகுதி: 8 நிமிட மெதுவோட்டமும் அசைவுகளும், 10 நிமிட வலிமை, தாவல், சமநிலை, கடைசியாக 2 நிமிட வேக ஓட்டம். வாரத்தில் குறைந்தது இரண்டு முறை செய்தால்தான் பலன். தொடைப் பின்தசையை வலுவாக்கும் நார்டிக் பயிற்சி இதில் அடக்கம். வலிக்கிறதே என்று பலர் அதைத்தான் தாண்டிப் போகிறார்கள். பிறகு பின்தசை பிடித்து உட்காருகிறவர்களும் அவர்களே.

வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனையில் புடைப்பும் வலியும் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு வேகமாக நீள்கையில் தசைநார் இழுபடுவதால் வருவது அது. பயிற்சியின் சுமையைக் குறைத்தால் சரியாகும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

உடம்பு தாமதமாக வளர்பவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. உடல் வலிமை போதாது என்று 2013இல் அத்லெட்டிகோ மாட்ரிட்டின் இளைஞர் அணியிலிருந்து ரோட்ரி வெளியேற்றப்பட்டார். அவர் வில்லாரியாலுக்குப் போய் வளர்ந்தார். 2024இல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது அவர் கையில்.

மறுபக்கத்தில் அளவுக்கு மீறி ஆடுவதும் ஆபத்து. 2020-21 சீசனில் ஸ்பெயின் மிட்ஃபீல்டர் பெட்ரி பார்சிலோனா கிளப், யூரோ கோப்பை, ஒலிம்பிக் என்று 70-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அடுத்த சீசனில் தொடைக் காயம் அவரை நீண்டகாலம் வெளியே உட்கார வைத்தது. அப்போது அவருக்கு 18 வயதுதான். கிளப்பின் மேட்சுகளை கிளப் கணக்கிடும், தேசிய இளைஞர் அணியின் மேட்சுகளை அந்த அணி கணக்கிடும். இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். நிமிடங்கள் வேண்டும் என்று மேலே சொன்னது இதற்கு முரணல்ல. பயனுள்ள நிமிடங்களுக்கு இடம் வைக்க, பயனில்லாத காட்சி ஆட்டங்களைக் கழித்துவிடுங்கள்.

சாப்பாட்டில் அளவு தெரிந்திருந்தால் போதும். மேட்சுக்கு முந்தைய நாளும் மேட்ச் அன்றும் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 420 முதல் 560 கிராம். கடைசிப் பெரிய சாப்பாடு ஆட்டத்துக்கு 3 முதல் 4 மணி நேரம் முன்பு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் என்ற கணக்கில் அடுத்த சில மணி நேரத்தில் குடித்து ஈடுகட்டுங்கள். பதின்ம வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். இரவு இரண்டு மணிவரை வீடியோ கேம் ஆடிவிட்டு புரதப் பொடியில் தீர்வு தேடுவது வீண்.

4. முதல் ஒப்பந்தம்

ஃபிஃபா விதிப்படி 18 வயது ஆகாதவரோடு மூன்று ஆண்டுக்கு மேல் ஒப்பந்தம் போட முடியாது. அதற்குமேல் என்று எழுதியிருந்தாலும் கூடுதல் காலம் செல்லாது. 18 கடந்தவர்களுக்கு உச்சவரம்பு பொதுவாக ஐந்து ஆண்டு. நாடு விட்டு நாடு மாறி ஆடுவதற்கும் 18 ஆக வேண்டும். பெற்றோர் கால்பந்து தவிர்த்த வேறு காரணத்துக்காக இடம் மாறுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. “நான் பார்த்துக்கொள்கிறேன், 16 வயதிலேயே வெளிநாட்டு கிளப்” என்று யாராவது சொன்னால், எந்த விலக்கின்கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஏஜென்ட் ஃபிஃபா உரிமம் பெற்றவரா என்று சரிபாருங்கள். உங்களோடு அவர் போடும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. 18 ஆகாதவரை அணுக வேண்டுமானால் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் கட்டாயம்.

ஒப்பந்தத்தில் முதலில் எல்லோரும் பார்ப்பது மாதச் சம்பளம். நீங்கள் கீழே இருக்கும் வரிகளுக்குப் போங்கள். ‘ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு போனஸ்’ என்று இருந்தால், ஆட்டம் என்றால் என்ன? தொடக்கம் முதல் ஆடியிருக்க வேண்டுமா, 45 நிமிடமா, மாற்று ஆளாக 89ஆவது நிமிடத்தில் இறங்கினாலும் உண்டா? 18 வயதுக்காரர் பெரும்பாலும் மாற்று ஆளாகவே இறங்குவார். இந்த ஒரு சொல்லின் பொருளில் அவர் போனஸ் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்து, ‘மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கும் உரிமை’ யாருக்கு? கிளப்புக்கு மட்டும் என்றால், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்று நினைத்தது நடைமுறையில் மூன்று ஆண்டு, அதுவும் பழைய சம்பளத்தில். நீட்டித்தால் சம்பளம் எவ்வளவு உயரும் என்று அதே வரியில் எழுதச் சொல்லுங்கள். அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் சம்பளம் குறையுமா, காயம்பட்டால் அறுவைச் சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் யார் செலவு என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி இலவசமாக எங்கும் போகலாம் என்று நினைத்து ஏமாறுவோர் பலர். நாடு மாறி முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவாகும்போது, 12 முதல் 21 வயதுவரை உங்களுக்குப் பயிற்சி அளித்த கிளப்புகளுக்குப் புதிய கிளப் இழப்பீடு தர வேண்டியிருக்கும். பேச்சுவார்த்தை காரணம் தெரியாமல் நின்றுபோவது பல நேரம் இதனால்தான். எந்த ஆண்டு எந்த கிளப்பில் பதிவாகியிருந்தீர்கள் என்ற பட்டியலைத் தேதியோடு கையில் வைத்திருங்கள்.

இரண்டு மாதச் சம்பளம் சட்டவிரோதமாக நிலுவையில் நின்றால், எழுத்தில் தெரிவித்து குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்தபின் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உரிமை உண்டு. வாய்வார்த்தையாகப் புலம்பிவிட்டு முகாமைவிட்டு வெளியேறினால் தவறு உங்கள் மேல் திரும்பிவிடும்.

சூதாட்டம், ஊக்கமருந்து இரண்டையும் பற்றிச் சுருக்கமாக. கால்பந்து மீது பந்தயம் கட்டத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அனுமதியில்லை. சொந்த அணி வெல்லும் என்று கட்டினாலும்தான். இத்தாலி மிட்ஃபீல்டர் சான்ட்ரோ டொனாலி 2023 அக்டோபரில் இதற்காகப் பத்து மாதத் தடை பெற்றார். ஊக்கமருந்தில், உடம்புக்குள் இருக்கும் எதற்கும் நீங்களே பொறுப்பு. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலை ஆகாது. சளி மாத்திரையானாலும் அணி மருத்துவரிடம் காட்டிவிட்டு விழுங்குங்கள்.

5. லோனில் போவது

பெரிய கிளப்பின் ரிசர்வ் அணியில் இரண்டாண்டு தேங்குவதைவிட, சிறிய கிளப்பில் வாராவாரம் ஆடுவது மிட்ஃபீல்டருக்கு மேல். லூக்கா மோட்ரிச்சை டினாமோ ஸாக்ரெப் 2003-04 சீசனில் போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்தாருக்கு அனுப்பியது. முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன அந்த லீக்கில் தாக்குப்பிடித்தபின் இன்டர் ஸாப்ரெஷிச்சுக்கு இன்னொரு லோன். மார்ட்டின் ஓடெகார்ட் 16 வயதில் ரியால் மாட்ரிட்டில் சேர்ந்தார். ஹீரன்ஃபேன், விட்டெஸ்ஸே, ரியால் சொசியடாட் என்று மூன்று கிளப்புகளில் ஆடித் தேறினார். ஆர்சனலில் கேப்டனானது 2022இல்.

போகும் முன் அந்த கிளப்பின் கடைசி ஐந்து மேட்சுகளை முழுதாகப் பாருங்கள். பந்து நடுக்களம் வழியாகப் போகிறதா, தலைக்கு மேல் பறக்கிறதா? பறக்கிறது என்றால் 90 நிமிடம் ஆடினாலும் உங்கள் காலில் பந்து படாது. உங்கள் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர்? உங்களைக் கேட்டது பயிற்சியாளரா, கிளப் நிர்வாகமா? நிர்வாகம் கேட்டு, பயிற்சியாளருக்கு விருப்பமில்லை என்றால் பெஞ்சுதான். ஆட வைக்காவிட்டால் லோன் கட்டணம் கூடும் என்று தாய் கிளப்பால் எழுத முடியும். அப்படி எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.

ஒரு விதி பலரை மாட்டிவிடுகிறது. ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் பதிவாகலாம். ஆனால் அதிகாரபூர்வ ஆட்டம் ஆடுவது பொதுவாக இரண்டு கிளப்புகளுக்கு மட்டும். ஆகஸ்டில் தாய் கிளப்புக்காகக் கோப்பைப் போட்டியில் ஐந்து நிமிடம் இறங்கினீர்கள், பிறகு லோனில் போய் வேறு கிளப்புக்கு ஆடினீர்கள் என்று வையுங்கள். அங்கே சரிப்படாமல் ஜனவரியில் திரும்பினால், தாய் கிளப்புக்கு ஆடலாம். மூன்றாவது கிளப்புக்கு அந்த சீசனில் ஆட முடியாது. அந்த ஐந்து நிமிடம் அரை சீசனை விழுங்கிவிடும். லோன் வரப்போகிறது என்று தெரிந்தால் தாய் கிளப் உங்களை இறக்கும் முன்பே இதை நினைவூட்டுங்கள்.

6. முதல் அணியில்

2022 முதல் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்பது நிரந்தர விதியானது. இளைஞர்களுக்கு வாய்ப்பு கூடியிருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் 70ஆவது நிமிடத்துக்குமேல் வரும் வாய்ப்பு. அப்போது பயிற்சியாளர் உங்களிடம் அற்புதம் எதையும் கேட்கவில்லை. நடுவில் பந்தைப் பறிகொடுக்காமல், தெறித்து விழும் இரண்டாவது பந்துகளுக்கு முதலில் போய்ச் சேர்ந்து, வீண் மஞ்சள் அட்டை வாங்காமல் இருந்தால் அடுத்த வாரமும் பெயர் இருக்கும். முதல் மூன்று பாஸ்களை மிக அருகில் இருப்பவரின் காலுக்குக் கொடுங்கள். மூச்சும் ஆட்டத்தின் வேகமும் ஒத்துவரட்டும். இறங்கும் முன் பெஞ்சிலிருந்தே எதிரணியின் ஆறு எந்தக் காலில் பலவீனம் என்று பார்த்து வைத்திருங்கள்.

இறக்கவே இல்லை என்றால் மறுநாள் ரிசர்வ் ஆட்டத்தில் இடம் கேளுங்கள். முதல் அணி பெஞ்சில் உட்காரும் பெருமையில் ஒரு மாதம் ஆடாமல் போவது சாதாரணமாக நடக்கிறது.

பெரிய காயம் வந்தால் நாள்காட்டியைப் பார்த்து அவசரப்படாதீர்கள். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைப்பு நார் கிழிந்தால் திரும்பக் குறைந்தது ஒன்பது மாதம். இரண்டு கால்களின் வலிமையும் ஏறக்குறைய சமம் என்று சோதனையில் தெரிந்தபிறகே மோதல் உள்ள பயிற்சி. 2023 நவம்பரில் இப்படிக் காயப்பட்ட பார்சிலோனா மிட்ஃபீல்டர் காவி மீண்டும் களம் கண்டது 2024 அக்டோபரில்.

7. கிளப் கைவிட்டால்

அகாடமியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டத்தில் வெளியேற்றப்படுகிறார்கள். என்கோலோ கான்டே 2012-13 சீசனில், 21 வயதில், பிரான்சின் மூன்றாம் டிவிஷனில் பூலோன் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 2016இல் லெஸ்டர் சிட்டியுடன் பிரீமியர் லீக் பட்டம் வென்றார்.

வெளியேறும் வாரத்திலேயே மருத்துவக் கோப்பு, ஆடிய நிமிடங்களின் பட்டியல், மேட்ச் வீடியோக்கள் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பொறுப்பில் இருப்பவரே மாறியிருப்பார். அடுத்து ஐந்து நிமிட வீடியோ ஒன்று தயாரியுங்கள். பாட்டு வேண்டாம், மெதுவோட்டக் காட்சி வேண்டாம். ஒவ்வொரு துண்டும் பந்து உங்களுக்கு வருவதற்கு ஐந்து நொடி முன்பிருந்து தொடங்கட்டும். தலை திரும்புவது தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உங்களைச் சுற்றி ஒரு வட்டமிட்டுக் காட்டுங்கள். கூடவே, வெட்டாத முழு மேட்ச் ஒன்றையும் இணைத்து அனுப்புங்கள், நீங்கள் நன்றாக ஆடி அணி தோற்ற மேட்சாக இருந்தாலும் பரவாயில்லை. அக்கறையுள்ள பயிற்சியாளர் முதலில் திறப்பது அதைத்தான்.